கூண்டின் எடை

இருந்தவர்கள்:

டாக்டர் ஹஸ்துதி.
பாக் கியோனோ.
பொனியெம் அக்காவும் அவருடைய கோழியும். (கோழிக்கு இருமல்.)
நான், மெனூர். வயது பத்து.
என் தம்பி செனோ. வயது ஏழு. (பாதி நேரம் வெளியே ஓடிவிட்டான்.)
தெலோன். (தூக்கத்தில்.)
அப்பாவின் கூண்டு.

அந்த நோட்டின் முதல் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு. பின் அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் டீ கொட்டிய வட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது.

கூண்டை எதற்குப் பட்டியலில் சேர்த்தாய் என்று செனோ அப்போதே சண்டை பிடித்தான். "கூண்டு ஒரு ஆளா?" என்றான். மெனூர் அழிக்கவில்லை. அன்று நடந்ததில் கூண்டுக்கும் பங்கு இருந்தது.

ஸ்டேஷன் ரோட்டில் அந்த மிருக வைத்தியசாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மெனூர் வளர்ந்துவிட்டாள். எப்போதாவது அந்தக் கடையைத் தாண்டிப் போகிறபோது கிருமிநாசினியும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த பழைய வாசனை மூக்கில் ஏறும். கடையில் அப்படி ஒரு வாசனை கிடையாது. மூக்குதான் மறக்க மாட்டேன் என்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா சித்தியின் பிரசவத்துக்காக சோலோவுக்குப் போயிருந்தாள். அப்பா சுகெங்குக்கு ரயில்வே ஸ்டேஷனில் கொடி காட்டும் வேலை. ரயிலுக்கு ஞாயிறு கிடையாது என்பதால் அப்பாவுக்கும் கிடையாது.

காலை ஏழரைக்குக் கூரையில் ஏதோ சறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு முற்றத்தில் பொத்தென்று ஒரு சத்தம். தெலோன் மூன்று காலில் நின்றது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிறமும் கொண்ட பூனை. அப்படிப்பட்ட பூனை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அன்று அதன் பின்னங்காலைக் கூரைத் தகரம் நீளமாகக் கிழித்திருந்தது.

"அக்கா, ரத்தம்," என்றான் செனோ.

"தெரியுது. துண்டு எடு."

"எந்தத் துண்டு?"

"அழுக்குத் துண்டு."

"எல்லாமே அழுக்குதான்."

துண்டில் சுற்றினார்கள். எதில் வைத்துத் தூக்கிப்போவது? மூங்கில் கூடையின் அடியில் ஓட்டை. கையில் தூக்கினால் கீறியது. அப்போது மெனூரின் கண் வாசல் உத்தரத்துக்குப் போனது. அங்கே அப்பாவின் கூண்டு தொங்கியது.

அதில் இருந்த புறா இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போயிருந்தது. அப்பா வேறு புறா வாங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கூண்டை இறக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்ப மாட்டுவார். பூவேலை செதுக்கிய மரக்கூண்டு. வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. மூச்சு பட்டாலே திரும்பிப் பார்ப்பார்.

"அப்பா கொன்னுடுவாரு," என்றான் செனோ.

"சாயந்தரம்தானே வருவாரு," என்றாள் மெனூர்.

கூண்டின் கொக்கியில் ஒரு கழியை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டார்கள். செனோ குட்டை. அதனால் கூண்டு வழி நெடுக அவன் பக்கமே சறுக்கியது.

"எல்லாக் கனமும் என் பக்கம்தான் வருது."

"நீ வளர்ந்திருக்கணும்."

"நேத்து சொல்லியிருந்தா வளர்ந்திருப்பேன்ல."

மெனூர் சிரிக்கவில்லை. அவள் தோளும் எரிந்தது.

வைத்தியசாலையில் முதல் அறையில் பாக் கியோனோ இருப்பார். பாக் என்றால் அந்த ஊரில் ஐயா. நாற்பது வயது. சத்தமில்லாமல் நடப்பார். வருகிற ஆடு, கோழி, முயல், பூனை எல்லாவற்றையும் வட்டமுகத் தராசில் நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது அவர் வேலை. சாயந்தரம் கதவைப் பூட்டுவதும் அவர்தான். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார்.

பள்ளி விட்டு வரும்போது ஒருநாள் மெனூர் அவரிடம் கேட்டிருக்கிறாள். "ஒருதரம் இழுத்தா போதாதா?"

"முதல் தரம் பூட்டுக்கு," என்றார் அவர். "ரெண்டாவது எனக்கு. மூணாவது டாக்டரம்மாவுக்கு."

அன்று அவருக்கு முன்னால் பொனியெம் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். சந்தையில் தெம்பே என்கிற சோயாக் கட்டியை நிறுத்து விற்கிறவர். மடியில் கூடை, கூடையில் கோழி. ரத்தத்தைப் பார்த்ததும், "நீ முதல்ல போ. என் கோழி இங்க மருந்து வாங்கியும் மூணு வாரமா இருமுது, இன்னும் அரை மணி நேரம் இருமட்டும்," என்றார்.

பாக் கியோனோ கூண்டைப் பூனையோடு தூக்கித் தராசில் வைத்தார். முள் ஆடி நின்றது.

"அஞ்சு கிலோ எழுநூறு. கூடைக்கு ஒரு கிலோ போச்சு. நாலு எழுநூறு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

எல்லாக் கூடைக்கும் ஒரு கிலோ. எப்போதும் அப்படித்தான்.

மெனூர் வாயைத் திறந்தாள். கூண்டு ஒரு கிலோ இல்லை என்பது அவள் தோளுக்குத் தெரியும். ஆனால் சொன்னால், யார் கூண்டு என்று அவர் கேட்பார். பாக் கியோனோ தினமும் ஸ்டேஷனில் அப்பாவோடு டீ குடிக்கிறவர். அதுவும் போக, பெரியவர்கள் எழுதியதைச் சின்னப்பெண் திருத்துவது அந்த ஊரில் நல்ல பழக்கம் இல்லை.

வாயை மூடிக்கொண்டாள். அதற்கு ஒரு நொடிதான் ஆனது.

டாக்டர் ஹஸ்துதி கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மெதுவாகத்தான் பேசுவார். சீட்டைப் பார்த்தார். தெலோனைத் துண்டோடு தூக்கினார். தூக்கிய கை ஒரு கணம் அப்படியே நின்றது.

"ம்," என்றார்.

சீட்டை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அந்த எடைக்குத் தக்க மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினார்.

ஏழு தையல். காலில் வெள்ளைக் கட்டு. "பதினோரு மணிக்குள்ள எழுந்திரிச்சிரும். எழுந்ததும் கூட்டிட்டுப் போகலாம்," என்றார்.

பதினோரு மணிக்குத் தெலோன் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டுக்கும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உடம்பு சில்லிட்டிருந்தது. பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தார்கள். பாக் கியோனோ அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். செனோ அதன் காதில், "தெலோன், மீன்," என்று சொல்லிப் பார்த்தான். மீனுக்கே எழவில்லை என்றால் விஷயம் பெரிதுதான்.

ஒரு மணிக்கு டாக்டர் கேட்டார். "பாக் கியோனோ, எடை சரியா பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டரம்மா. நாலு எழுநூறு."

சொல்லிக்கொண்டே அவர் தெலோனை வெறும் கையில் தூக்கினார். தூக்கியதும் பேச்சு நின்றுவிட்டது. முதல் அறைக்கு நடந்தார். கூண்டு இல்லாமல் அதைத் தராசுத் தட்டில் கிடத்தினார்.

மூன்று கிலோ நூறு.

பொனியெம் அக்காவின் கோழிகூட இருமவில்லை.

"ஒண்ணரைப் பங்கு மருந்து போயிருக்கு," என்றார் டாக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாக் கியோனோ பூனையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். வெந்நீர் பாட்டில்களைச் சரிசெய்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தார்.

"சாயந்தரம் வேற யாரையாவது பூட்டச் சொல்லுங்க டாக்டரம்மா. நான் நாளைலேந்து வரல."

"இப்ப அதுக்கு நேரம் இல்ல," என்றார் டாக்டர், பூனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது பதில் இல்லை. ஆனால் பாக் கியோனோ அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

மெனூருக்கு இப்போது இரண்டு கவலை. தெலோன் எழுந்திருக்குமா என்பது ஒன்று. அதற்கு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. இன்னொன்று அந்தச் சாவி.

பின்பக்கத்தில் கிணற்றடி. பாக் கியோனோ ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கோவமா?" என்றாள் மெனூர்.

"யார்மேல?"

"தெரியல."

"கோவம் இல்ல. பதினோரு வருஷமா ஒரே தராசு. ஒரு பூனையை ஒழுங்கா நிறுக்கத் தெரியல. அப்புறம் நான் எதுக்கு?"

"எதுக்கு ஒரு கிலோ கழிச்சீங்க?"

"எப்பவும் கழிக்கிறதுதான். வந்த மொத நாளே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பாக் கியோனோ பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அதை விடு."

"டாக்டரம்மாவா?"

"பிள்ளைங்க கேக்கற கேள்வியா இது? அவங்களுக்கு அது மறந்தே போயிருக்கும். நான் போய் நீங்கதான் சொன்னீங்கன்னு நிக்கிறதா? நீயும் சொல்லக்கூடாது. என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கிணற்றுக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. மெனூர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தாள்.

"கூண்டு கனம்னு எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்க ஒரு கிலோன்னு சொன்னப்பவே தெரியும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் சொல்லல?"

"அப்பாவைக் கேக்காம எடுத்துட்டு வந்தது."

பாக் கியோனோ கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "சரிதான். நாம ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் போல," என்றார். சிரிக்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்.

மெனூர் உள்ளே வந்தாள். தெலோன் அதே மாதிரி கிடந்தது. காலிக் கூண்டு மூலையில் இருந்தது. அதை இழுத்துவந்து தராசில் ஏற்றினாள். இரண்டு கிலோ அறுநூறு.

"செனோ, வீட்டுக்கு ஓடு. என் கணக்கு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு வா."

"இப்ப வீட்டுப்பாடமா? நீ மனுஷியா?"

"ஓடுடா."

அவன் ஓடினான். அதற்குள் மெனூர் பொனியெம் அக்காவிடம் போனாள். "அக்கா, கோழியைக் கொஞ்சம் கையில வச்சுக்கறீங்களா? கூடையை மட்டும் நிறுக்கணும்."

"எதுக்குடி?"

"சும்மா பாக்கத்தான்."

கூடை எழுநூறு கிராம். பொனியெம் அக்கா தெம்பே விற்கிறவர். எடை விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவந்தார்.

"இரு. கூடை எழுநூறு. இவங்க கழிச்சது ஒரு கிலோ. அப்ப என் கோழியை முந்நூறு கிராம் கொறைச்சலா எழுதியிருக்காங்க."

"ஆமா அக்கா."

"அப்ப மருந்தும் கொறைச்சலாத்தான் குடுத்திருக்காங்க."

"ஆமா."

பொனியெம் அக்கா கோழியின் முகத்தைப் பார்த்தார். "பாவி, நான் உன்னைத்தானே மூணு வாரமா திட்டிட்டிருந்தேன்."

மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். மெனூர் யாரையும் விடவில்லை. முயல் கொண்டுவந்த மரப்பெட்டி ஒரு கிலோ தொள்ளாயிரம். வாத்துக் கூடை ஒரு கிலோ நூறு. நாய்க்குட்டி வந்த பிளாஸ்டிக் வாளி நானூறு கிராம். நாய்க்குட்டிக்காரர், "வாளிக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார். சரியாக ஒரு கிலோ இருந்தது எதுவுமே இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில், பள்ளிக் கணக்கு முடிந்த பக்கத்தின் அடியிலேயே எழுதினாள். பிறகு புதிய பக்கம் திருப்பி, காலையிலிருந்து இருந்தவர்கள் யார் யார் என்று எழுதினாள். அதற்குக் கீழே நடந்ததை வரிசையாக எழுதினாள்.

1. தகரம் தெலோனின் காலைக் கிழித்தது.

2. நான் அப்பாவைக் கேட்காமல் கூண்டை எடுத்தேன்.

3. கூண்டு கனம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

4. பாக் கியோனோ நிறுத்தார். ஒரு கிலோ கழித்தார்.

5. எல்லாக் கூடைக்கும் ஒரு கிலோ கழிக்கச் சொன்னவர்:

ஐந்தாவதில் பென்சில் நின்றது. சத்தியம் செய்திருக்கிறாள். காலியாக விட்டாள்.

6. டாக்டரம்மா தெலோனைத் தூக்கும்போது கொஞ்சம் நின்றார். சீட்டைப் பார்த்தார். பிறகு ஊசி போட்டார்.

"இதை டாக்டரம்மாகிட்ட காட்டுவியா?" என்றான் செனோ, தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு.

"காட்டணும்."

"திட்டுவாங்க."

"திட்டட்டும்."

மூன்று மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. ஸ்டேஷன் உடுப்பில், கக்கத்தில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், காலிக் கொக்கியைப் பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார்.

"என் கூண்டு எங்க?" என்றார்.

மெனூர் எழுந்து நின்றாள். "நான்தான்பா எடுத்தேன். தெலோனுக்கு அடிபட்டிருச்சு. கூடையில ஓட்டை. உங்களைக் கேக்கல."

அப்பா கூண்டைப் பார்த்தார். அதில் ரத்தக்கறை. பிறகு உள்ளறையில் பாட்டில்களுக்கு நடுவே கிடந்த தெலோனைப் பார்த்தார். கொடிகளைக் கீழே வைத்தார்.

"மூச்சு இருக்கா?"

"இருக்குப்பா."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ்ளோ தூரம் ரெண்டு பேரும் அதை எப்படித் தூக்கினீங்க? அது பழைய தண்டவாளக் கட்டைடா. டச்சுக்காரன் போட்ட தேக்கு. ரெண்டரைக் கிலோவுக்கு மேல இருக்கும்," என்றார்.

"ரெண்டு அறுநூறு," என்றான் செனோ.

மெனூர் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கினார். முதலில் கூடைகளின் எடை. அதை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு அடுத்த பக்கம். ஆறாவது வரிக்கு வந்ததும் அதை இரண்டு தரம் படித்தார்.

"நான் நின்னதை நீ பாத்தியா?"

"பாத்தேன் டாக்டரம்மா."

"கைக்குத் தெரிஞ்சுது," என்றார் டாக்டர், தனக்கே சொல்வது போல. "கொழுத்த பூனை இல்லயேன்னு தோணுச்சு. சீட்டுல எழுதியிருக்குதேன்னு விட்டுட்டேன்." நோட்டைக் கவிழ்த்து, டீ கோப்பையை அதன் பின் அட்டைமேல் வைத்தார். எடுத்தார். வட்டம் அப்போது விழுந்ததுதான். நோட்டைத் திரும்ப நிமிர்த்தினார். "அஞ்சாவது ஏன் காலியா இருக்கு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார்கிட்ட?"

பாக் கியோனோ கதவோரம் வந்து நின்றிருந்தார். மெனூர் அவர் பக்கம் பார்க்கவே இல்லை. டாக்டர்தான் பார்த்தார். பாக் கியோனோ தரையைப் பார்த்தார். தரையில் ஒன்றும் இல்லை.

டாக்டர் ஐந்தாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எல்லாரும் சந்தையில ஒரே ஆள்கிட்ட கூடை வாங்குவாங்க," என்றார் கடைசியில். "எல்லாம் ஒரே அளவு. நாலஞ்சு கூடை நிறுத்துப் பாத்தேன். ஒரு கிலோ வந்துது. ஒவ்வொண்ணா நிறுக்க வேணாம், ஒரு கிலோ கழிச்சிருங்கன்னு..." நிறுத்தினார். "நீங்க வேலைக்குச் சேந்த அன்னைக்கு. இல்லயா பாக் கியோனோ?"

"ஞாபகம் இல்ல டாக்டரம்மா," என்றார் பாக் கியோனோ.

"பொய் சொல்றீங்க."

"ஆமா டாக்டரம்மா."

டாக்டர் மெனூரின் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். காலி இடத்தில் எழுதினார். முன்னால் டாக்டர் என்று போடவில்லை. வெறும் ஹஸ்துதி என்று மட்டும் எழுதினார்.

"சரி. இனிமே என்ன பண்ணலாம்? முதல்ல கூடையை நிறுக்கணும்."

"முதல்ல முடியாது," என்றாள் மெனூர். "உள்ள பூனை இருக்கும். பூனையை எடுத்தப்புறம்தான் வெறும் கூடையை நிறுக்க முடியும்."

"ஊசி போடறதுக்கு முன்னாடி," என்றார் பாக் கியோனோ. சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவருக்கே தெரிந்தது.

"ஊசி போடறதுக்கு முன்னாடி," என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "அப்புறம், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்கணும். எனக்கும் சேத்துத்தான்."

"என் கோழி திறந்தேதான் வச்சிருக்கு," என்றார் பொனியெம் அக்கா வெளியிலிருந்து. "அதை யாராவது திரும்ப நிறுங்க."

பாக் கியோனோ போய் நிறுத்தார். முதலில் கோழியும் கூடையும். பிறகு வெறும் கூடை. சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

நாலு மணிக்குத் தெலோனின் ஒரு காது ஆடியது. ஈ ஓட்டுகிற மாதிரி.

"அது ஈ," என்றான் செனோ.

ஈ எதுவும் இல்லை. காது இன்னொரு தரம் ஆடியது. பிறகு மீசை. பிறகு ஒரு கண் பாதி திறந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, யாரையும் பிடிக்காமல் மூடிக்கொண்டது. கால் மணி நேரம் கழித்து எழுந்து நிற்கப் பார்த்து, கட்டுப்போட்ட கால் மடங்கி விழுந்து, பக்கத்தில் இருந்த செனோவைப் பார்த்துச் சீறியது.

"என்னை எதுக்குத் திட்டுது? நான்தானே மீன்னு சொன்னேன்."

"மீன் எங்கன்னு கேக்குது," என்றார் அப்பா.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இந்தத் தரம் சீக்கிரமே எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நோட்டை இங்கயே விட்டுட்டுப் போறியா?" என்று மெனூரிடம் கேட்டார்.

"அதுல என் கணக்கு இருக்கு."

"முதல் பத்துப் பக்கத்தைக் கிழிச்சுக்கோ. மிச்சம் எங்களுக்கு வேணும்."

கிழித்துக்கொண்டாள். அப்படித்தான் இருந்தவர்கள் பட்டியல் முதல் பக்கம் ஆனது. பிறகு வந்த வருஷங்களில் அந்த நோட்டு பல கைகளில் நிரம்பியது. இரண்டு முயலுக்கு ஒரே சீட்டு எழுதியது டாக்டரின் கையெழுத்தில் இருக்கிறது. மருந்துப் புட்டியின் மூடி மாறிப்போனது பாக் கியோனோவின் கையெழுத்தில். ஒவ்வொரு பக்கத்திலும் முதலில், அன்று இருந்தவர்கள் பெயர். பிறகு நடந்தது. கடைசியில், இனிமேல் என்ன செய்வது. யாரைத் திட்டுவது என்று ஒரு வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. மிருக வைத்தியசாலை மூடிய நாளில் டாக்டர் அதை மெனூர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். இப்போது அவள் அலமாரியில் இருக்கிறது.

ஐந்து மணி ஆனது. வெயில் மஞ்சளாக உள்ளே விழுந்தது. சாவி மத்தியானத்திலிருந்தே மேசைமேல்தான் கிடந்தது, இரண்டு மருந்துப் புட்டிகளுக்கு நடுவில். மெனூர் அதைப் பார்த்தாள். டாக்டர் பையை எடுத்துக்கொண்டார். சாவியை எடுக்கவில்லை. பாக் கியோனோ துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

"நேரமாச்சு பாக் கியோனோ," என்றார் டாக்டர். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்பா கூண்டைத் தூக்கிக் கழியில் மாட்டினார். உள்ளே தெலோன் துண்டில் சுருண்டிருந்தது. ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை மெனூர் பிடித்தாள். இந்தத் தரம் கனம் முழுக்க அவள் பக்கம் சறுக்கியது.

"வெள்ளிக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைக்கிறது நீ," என்றார் அப்பா.

"சரிப்பா."

"பூவேலைக்குள்ள எல்லாம் குச்சி விட்டுத் துடைக்கணும்."

"சரிப்பா."

"ரத்தக்கறை போகலன்னா அடுத்த வெள்ளியும் நீதான்."

செனோ இரண்டு கொடிகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பச்சையைக் காட்டியதும் எல்லோரும் படி இறங்கினார்கள். டாக்டரும் பின்னால் இறங்கினார்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மெனூர் திரும்பவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டாள்.

சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று.

கதவை ஒருதரம் இழுக்கும் சத்தம். இரண்டாம் தரம்.

மெனூர் நின்றுவிட்டாள். கழியின் மறுமுனையில் அப்பாவும் நிற்க வேண்டியதாயிற்று.

"என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. இருங்க."

மூன்றாம் தரமும் கதவை இழுக்கும் சத்தம் கேட்டது.